பங்களாவைத் திறக்கும் முன்

ஊவா மாகாணத்தில் பழைய துரை பங்களாக்களைக் குத்தகைக்கு எடுத்து, அறை விட்டு, சாப்பாடு போட்டு, கல்யாணமும் நடத்தலாம் என்று இறங்கும் இளையவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பசறைப் பக்கம் என்று பல இடங்களிலிருந்தும் என்னைத் தேடி வந்து விவரம் கேட்கிறார்கள். என் தகப்பனார் பங்களாவில் சமைக்கும் அப்புவாக இருந்தவர். அவருடைய குசினியில் வெங்காயம் உரிக்கத் தொடங்கிய நான் விடுதிகளிலும் கல்யாண மண்டபங்களிலுமே வயதானேன். தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நேரில் சொல்வதை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். பங்களாவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கிறது, அந்த லயத்துச் சனங்கள்தான் மலைக்கு வீட்டுக்காரர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை வாசியுங்கள்.

1. காணிப் பத்திரத்தை முதலில் பாருங்கள். தோட்டக் காணிகளில் பெரும்பகுதி 1972, 1975 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசிடம் போனது. 1992இல் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பெனிகளின் கைக்கு வந்தது. கம்பெனிகளும் குத்தகைக்காரர்களே. ஆகவே பங்களாவை உங்களுக்குக் கொடுப்பவருக்கே அதில் எத்தனை வருட உரிமை மிச்சம் இருக்கிறது, விடுதி நடத்த மறுகுத்தகை கொடுக்க அவருக்கு அனுமதி உண்டா என்று சொந்தச் சட்டத்தரணியை வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் எடுக்கும் உரிமை, வாகனம் வரும் பாதை, தோட்டத்து ஆட்கள் நடந்து போகும் ஒற்றையடிப் பாதை ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். தலைமுறைகளாக ஆட்கள் நடந்த பாதையைக் கேற் போட்டு அடைத்துவிட்டு, அதே ஆட்களிடம் வேலைக்கு வாருங்கள் என்று கேட்க முடியாது. பிரதேச சபை அனுமதி, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, மது பரிமாறுவதானால் மதுவரித் திணைக்கள உரிமம் எல்லாம் கையில் வந்த பிறகு பெயர்ப்பலகை எழுதுங்கள்.

2. மலையை வெட்டாதீர்கள். கல்யாண மண்டபம் கட்ட இடம் போதவில்லை என்றதும் பெக்கோ கொண்டுவந்து சரிவின் அடியைத் தோண்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் வந்த திட்வா புயலில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டை நீங்களே கண்டீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் ஒரு தூண் கூட நட வேண்டாம். அறிக்கையில் வேண்டாம் என்று இருந்தால் வேறு ஆளைப் பிடித்து வேறு அறிக்கை வாங்க அலையாதீர்கள். உங்கள் மண்டபத்துக்காக வெட்டிய மண் மழையில் இறங்கினால் முதலில் போய்ச் சேருவது லயத்துக் கூரைமேல். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை மலையில் வெட்டிய கான்களை எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று நடந்து பாருங்கள். மண்ணால் அடைந்தவற்றைத் துப்புரவாக்குங்கள். மண்டபத்துக்குப் பழைய ஸ்டோரோ, பாவனையில் இல்லாத கொழுந்து மடுவமோ கிடைத்தால் அதைத் திருத்திக்கொள்வதே மேல். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை அப்படியே ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். புது மலை வெட்டாமலே பெரிய இடம் எடுக்கலாம் என்பதற்கு அது போதும்.

3. தண்ணீர். ஊவாவின் வரட்சி ஆடி, ஆவணி, புரட்டாசியில் வருகிறது. மேற்கே மழை கொட்டும்போது நமக்குக் கச்சான் காற்று மட்டும் வீசும். வெளிநாட்டு விருந்தினர் பலர் வருவதும் அந்தக் காலத்தில்தான். முந்நூறு பேர் வரும் கல்யாணமென்றால் சமையல், பாத்திரம் கழுவுதல், கழிப்பறை என்று ஆயிரக்கணக்கான லீற்றர் ஒரே நாளில் போய்விடும். பங்களாவுக்குத் தண்ணீர் வரும் ஊற்றும் லயத்துப் பீலிக்குப் போகும் ஊற்றும் பெரும்பாலும் ஒன்றுதான். வேலை முடிந்து பின்னேரம் பெண்கள் குடத்தோடு பீலிக்கரைக்கு வரும் நேரத்தில் உங்கள் மோட்டர் ஓடக்கூடாது. இரவில் தாங்கியை நிரப்புங்கள். கூரை மழைநீரைச் சேர்க்கப் பெரிய தாங்கி கட்டுங்கள். புரட்டாசியில் லயத்துக் குழாயை மேலே பங்களாவுக்குத் திருப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

4. இனிக் குசினி. இதைப்பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கொழும்பிலிருந்து உறைந்த கோழியும் போத்தல் சோஸும் கொண்டுவந்து மலையில் பரிமாறுவது வீண். ஒரே மாகாணத்துக்குள் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்து அப்புத்தளையும், 680 மீற்றரில் பதுளை நகரமும், அதற்கும் கீழே மொனராகலைச் சமவெளியும் இருக்கின்றன. வெலிமடை உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா எல்லாம் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் விடியற்காலையில் கிடைக்கும். கீழ்ப்பக்கம் போனால் பிபிலைத் தோடம்பழம், குரக்கன், சோளம், தேன், எருமைத் தயிர். கித்துள் பாணியைத் தெரிந்த வீட்டில் வாங்குங்கள், கடைப் போத்தலில் பாதி சீனியாக இருக்கும். உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வேண்டியதில் பெரும்பகுதி இரண்டு மூன்று மணித்தியால ஓட்டத்துக்குள் விளைகிறது.

காலையில் ரொட்டி கொடுங்கள். மெல்லியதாக விசிறிய கடை ரொட்டியைச் சொல்லவில்லை. கோதுமை மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டி, கனத்த இரும்புக் கல்லில் விறகு நெருப்பில் சுட்ட தோட்டத்து ரொட்டி. விடியுமுன் எழுந்து அதைச் சுட்டுக் கட்டிக்கொண்டுதான் நம் பெண்கள் மலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். அதற்குக் கட்டச்சம்பல் அம்மியில் அரைக்க வேண்டும்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, உப்பு, கடைசியில் தேசிக்காய்ப் புளி. மிளகாயை உப்போடு முதலில் நசுக்கி, வெங்காயத்தைப் பிறகு வைத்து ஒன்றிரண்டாக இழுக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும். இதைச் செய்யச் சமையல் பட்டம் பெற்றவரைத் தேடாதீர்கள். லயத்தில் ஓர் அக்காவைக் கேளுங்கள், அவருக்குச் சமையல்காரர் சம்பளம் கொடுங்கள். உதவியாள் சம்பளம் கொடுத்து அவருடைய கைப்பக்குவத்தை எடுத்துக்கொள்வது தகாது.

மத்தியானத்தில் சோறு, பருப்பு, போஞ்சிப் பால்கறி, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், வல்லாரைச் சம்பல், கருவாட்டுக் குழம்பு. இதில் இரண்டைக் குறைத்து மிச்சத்தைச் சுடச்சுடக் கொடுத்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். இரவில் பழைய பங்களாச் சமையலுக்கும் இடம் கொடுங்கள். சூப்பு, அடுப்பில் வாட்டிய கோழி, ஆவியில் வேகவைத்த புடிங், தோடம்பழத் தோல் ஜாம் எல்லாம் துரைமார் கேட்டு நம் அப்புமார் கற்றுத் தங்கள் கையால் மாற்றிய சாப்பாடு. மிளகும் கறுவாவும் சேர்ந்து அவை வேறொன்றாகிவிட்டன. வயதான அப்பு ஒருவர் உங்கள் பக்கத்தில் உயிரோடிருந்தால் அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி, அவர் பெயரைப் போட்டே சாப்பாட்டு அட்டையில் சேருங்கள்.

உயரத்தைக் கணக்கில் எடுங்கள். அப்புத்தளையில் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பும் கடலையும் பதுளையில் வேகும் நேரத்தில் அங்கே வேகாது. கொழும்பிலிருந்து வரும் சமையல்காரர்கள் முதல் கல்யாணத்தில் திணறுவது இதனால்தான். இரவுக் குளிரில் தேங்காயெண்ணெய் உறையும். தாளித்துக் கொட்டிய குழம்பு தட்டில் விழுந்ததும் ஓரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தால் விருந்தினர் முகம் சுளிப்பார்கள். தட்டுகளைச் சுடுநீரில் அமிழ்த்தித் துடைத்துவிட்டுப் பரிமாறுங்கள். சோற்றைப் பெரிய அண்டாவில் மண்டபத்துக்குக் கொண்டுபோகாமல் சின்னச் சின்னப் பாத்திரங்களில் அடிக்கடி கொண்டுபோங்கள்.

காட்டு இறைச்சி கேட்பார்கள். மான், மரை என்று காதுக்குள் கேட்கும் பெரிய மனிதர்களும் வருவார்கள். சட்டப்படி குற்றம். எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

5. தேத்தண்ணி. ஊவாத் தேயிலை உலகத்தில் பெயர் எடுத்ததற்கு நான் மேலே சொன்ன அதே கச்சான் காற்றுத்தான் காரணம். ஆடி முதல் புரட்டாசி வரை வீசும் காய்ந்த காற்றில் கொழுந்து வாட்டம் கண்டு, குளிர்ந்த மூலிகை வாசம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அந்த மாதங்களில் வரும் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு. லிப்டன் 1890இல் வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கி, தம்பேத்தன்னையில் தொழிற்சாலை கட்டியதும் இந்த மலையின் தேயிலையை நம்பித்தான். அப்படிப்பட்ட இடத்தில் விடுதி வைத்துக்கொண்டு நூல் கட்டிய பைத் தேயிலையை விருந்தினருக்குக் கொடுக்கும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

பக்கத்துத் தொழிற்சாலையில் பருவத் தேயிலையை நேரே வாங்கிக் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். கேத்தலைச் சூடாக்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி, மூடி, நாலைந்து நிமிடம் விடுங்கள். உயரத்தில் தண்ணீரின் சூடு ஏற்கெனவே குறைவு, ஆறவிட்டு ஊற்றினால் சாயம் இறங்காது. முதல் கோப்பையைப் பால் இல்லாமல் கொடுத்து, வாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இஞ்சி தட்டிய தேத்தண்ணியோ பால் தேத்தண்ணியோ அவரவர் விருப்பம். லிப்டன் ஆசனம் என்னும் மலைக் காட்சி முனைக்குப் போக விரும்புவோரை இருட்டோடே எழுப்பி அனுப்புங்கள். காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

6. கல்யாண நாள் கொடுக்கும்போது தமிழ், சிங்கள, முஸ்லிம் நாட்காட்டிகள் மூன்றையும் வானிலையையும் சேர்த்து வையுங்கள். காய்ந்த ஆடியில் தமிழ் வீட்டார் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியைப் பலர் தவிர்ப்பார்கள், மார்கழியும் இல்லை. நடுவில் இருக்கும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தம் உண்டு, ஆனால் பதுளைப் பக்கம் அடைமழை அப்போதுதான். புல்வெளியில் பந்தல் போட்டுத் தருகிறேன் என்று ஐப்பசிக் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். கூரைக்குள் நடத்த இடம் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். தைப் பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததிலிருந்து பங்குனி வரை நமக்கு நல்ல காலம். ஆவணியும் நல்லது. சித்திரையில் பின்னேரம் இடி மழை வரும், ஆகவே காலை முகூர்த்தமாக எடுக்கச் சொல்லுங்கள்.

போயா நாளில் மதுவுக்கு இடமில்லை. சிங்கள வீட்டார் அன்று இறைச்சியும் விரும்பமாட்டார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீட்டார் கல்யாணம் வைப்பது அரிது. வருடம் பிறக்குமுன்பே இந்த நாட்களையெல்லாம் ஒரே நாட்காட்டியில் மூன்று நிறத்தில் குறித்து அலுவலகச் சுவரில் மாட்டிவிடுங்கள். அந்த ஒரு கடதாசியால் எத்தனையோ சண்டைகள் வராமல் போகும்.

மழை இல்லாத நாளிலும் அப்புத்தளையில் மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி வரலாம். பள்ளத்தாக்குப் பின்னால் தெரியும்படி படம் வேண்டுமென்றால் பதினொரு மணிக்குள் எடுக்கச் சொல்லுங்கள். மணப்பெண்ணுக்கு ஒரு கம்பளிச் சால்வை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

7. சடங்கில் கை வைக்காதீர்கள், ஆனால் வேண்டியதைத் தெரிந்துவைத்திருங்கள். தமிழ்க் கல்யாணத்துக்கு ஓமம் வளர்க்க வேண்டும். பழைய பங்களாவின் மரக் கூரைக்குக் கீழே அதை வைக்க முடியாது. செங்கல் அடுக்கி மணல் நிரப்பிய மேடையை வெளித் தாழ்வாரத்திலோ திறந்த பந்தலிலோ தயார் செய்து, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் வையுங்கள். அரசாணிக்கால் நடக் குழி எங்கே தோண்டலாம் என்பதை முந்தின நாளே காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாயில் தோண்டுவார்கள். வாழையிலை குளிர் மலையில் போதாது. பசறைப் பக்கமோ அதற்குக் கீழேயோ முதல்நாளே சொல்லி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். மரக்கறிச் சமையலுக்குத் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் வேண்டும், ஒரே அகப்பையைக் கழுவிக் கழுவிப் பாவிப்பது கூடாது.

சிங்களக் கல்யாணத்தில் போறுவ என்னும் மணமேடையில் ஏறும் நேரம் நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்து மேடைப் பக்கம் பரிமாறுபவர் எவரும் குறுக்கே போகக்கூடாது. கிரிபத் என்னும் பாற்சோறு சூடாக இருக்கட்டும். முஸ்லிம் கல்யாணத்துக்கு ஹலால் என்று வாயால் சொன்னால் போதாது. இறைச்சி வாங்கிய கடை, சமைத்த பாத்திரம், சமைத்தவர் மூன்றையும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து பார்க்கும்படி நீங்களே அழையுங்கள். பதுளையில் இந்த மூன்று சமூகத்தாரும் ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போகிறார்கள். ஆகவே எந்த வீட்டுக் கல்யாணத்திலும் மற்ற இரண்டு வீட்டாரும் மனம் கோணாமல் சாப்பிட ஒரு மேசை இருக்க வேண்டும்.

விவாகப் பதிவாளரை மண்டபத்துக்கு அழைப்பதானால் அதற்கான அனுமதியைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். வெளிநாட்டு மணமக்களுக்குக் கடதாசி வேலை அதிகம், சட்டத்தரணியிடம் விட்டுவிடுங்கள்.

8. குளவி. தோட்டங்களில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் இல்லை, உயிர்களும் போயிருக்கின்றன. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு மலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு மரக் கிளை, பாறை இடுக்கு, கூரை முகடு எல்லாம் பார்த்து வாருங்கள். வெடி கொளுத்த வேண்டாம். ட்ரோன் பறக்கவிடுவோருக்கு எந்த மரத்துப் பக்கம் போகக்கூடாது என்று கையால் காட்டுங்கள்.

9. பாதையும் சாரதியும். தோட்டத்துப் பாதையில் பெரிய பஸ் திரும்ப முடியாது. பிரதான வீதியில் இறக்கி வேனில் மேலே கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள், அந்தச் செலவைக் கல்யாணச் செலவோடு முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் இரவில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். நம் வீதிகளைத் தெரியாத சாரதிகளை இருட்டில் கீழே இறங்க விடாதீர்கள். விருந்தைப் பின்னேரம் நாலு மணிக்குள் முடியுங்கள், அல்லது அவர்கள் தங்க இடம் கொடுங்கள்.

சாரதிகளுக்கு அறை என்று சொல்லி, ஜன்னல் இல்லாத சாமான் அறையில் பாயைப் போட்டு வைக்கும் பழக்கம் நம் தொழிலில் நெடுநாளாக இருக்கிறது. முப்பது உயிர்களை மலையிலிருந்து இறக்கப்போகிறவர் இரவு நன்றாகத் தூங்க வேண்டாமா? கட்டில், கம்பளி, சுடுநீர், விருந்தினர் சாப்பிட்ட அதே சாப்பாடு. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ரயிலை நம்பித் திட்டம் போடுவோருக்கும் ஒரு சொல். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய பத்து மணித்தியாலம். 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த அந்தப் பாதையின் அழகுக்காகவே வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் மண் சரிந்தால் முதலில் நிற்பது அதுதான். திட்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே உறவினரை வந்து சேரச் சொல்லுங்கள்.

10. சத்தம். மலையில் ஒலிபெருக்கிச் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் போகும். இரவு பத்து மணிக்கு நிறுத்துங்கள். சாதாரண தரம், உயர்தரம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைகளுக்கு முந்தின வாரங்களில் இன்னும் முன்னதாகவே நிறுத்துங்கள். லயத்து அறையில் ஒரு பல்புக்குக் கீழே நாலு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கீழே துக்கம் விழுந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மேலே கல்யாணம், கீழே சாவீடு. கல்யாணத்தை நிறுத்த முடியாது. செய்தி வந்ததும் நீங்களே இறங்கிப் போய்ச் சாவீட்டில் நின்று, தோட்டத் தலைவரிடம் எடுப்பு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பிறகு மணமக்கள் வீட்டுப் பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த நேரம் முழுவதும் வெளி ஒலிபெருக்கியை அணையுங்கள். பாட்டு மண்டபத்துக்குள் மட்டும் இருக்கட்டும். சாவீட்டுக்குத் தேத்தண்ணியும் சீனியும் அனுப்புங்கள், இரண்டு வாங்குகளோ பெட்ரோமாக்ஸ் விளக்கோ வேண்டுமா என்று கேளுங்கள். இதை மறுத்த கல்யாண வீட்டாரை நான் இதுவரை கண்டதில்லை.

11. வேலைக்கு எடுப்பவர்களுக்குச் சட்டப்படி எல்லாம் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர்களுடையது 8 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் கையிலிருந்து 3 வீதம். விருந்தினரிடம் வாங்கும் பத்து வீதச் சேவைக் கட்டணம் ஊழியருடைய காசு. அறை துடைப்பவர், தோட்டக்காரர், இரவுக் காவல்காரர் வரை அது போக வேண்டும், கணக்கை எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள். அம்பதண்டேகமப் பள்ளத்தாக்கில் அம்பா என்று ஒரு சின்னத் தோட்டம். கையால் சுருட்டிய தேயிலை, சொந்தக் கோப்பி, ஜாம், பண்ணை வீட்டில் தங்க அறைகள் என்று நடத்துகிறார்கள், வருமானத்தில் ஒரு பங்கைத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். தொடங்குபவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்து வாருங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பாத்திரம் கழுவவும் பெட்டி தூக்கவும் மட்டும் எடுத்துவிட்டு, வரவேற்பு மேசைக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவதை நிறுத்துங்கள். உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகள் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். மூன்று மொழி பேசக்கூடிய பிள்ளையை ஆறு மாதம் பழக்கினால் உங்கள் விடுதிக்கு அதைவிடப் பெரிய பலம் வராது.

12. கொழுந்தெடுக்கும் பெண்களைக் கூப்பிட்டு விருந்தினரோடு படம் எடுக்க நிறுத்தாதீர்கள். நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி. அரை மணித்தியாலம் படத்துக்கு நின்றால் அது அவருடைய கூலியிலிருந்து போகிறது. லயத்துக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதும் வேண்டாம், அது குடும்பங்கள் வாழும் வீடு. விருந்தினருக்குத் தோட்டத்தின் கதையைச் சொல்ல ஆசையிருந்தால், இங்கேயே பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, அவரைப் பேசவிடுங்கள்.

பங்களாச் சுவரில் துரைமார் படங்கள் இருக்கும், இருக்கட்டும். அவற்றின் பக்கத்தில் நம் ஆட்களின் படங்களையும் மாட்டுங்கள். 1948இல் குடியுரிமை போனதும், இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியதும், 2023இல் நாம் இந்த மலைக்கு வந்து இருநூறு வருடம் ஆன நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் சனங்கள் நடந்ததும் வருகிறவர்களுக்குத் தெரியட்டும். 1817-18இல் இதே ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் சிங்கள விவசாயிகள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்து பட்ட அழிவையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பண்டாரவளை ஹோட்டல் 1893இல் தொடங்கியது, அப்புத்தளை அடிசம் மாளிகையை 1931இல் வில்லியர்ஸ் துரை கட்டினார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். மற்றக் கதை உங்கள் வாயிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

13. விலை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. நீங்கள் ஒரு தட்டுக்குப் போடப்போகும் விலையை இன்றைய நாட்கூலியால் வகுத்துப் பாருங்கள். இரண்டு நாள், மூன்று நாள் உழைப்பு ஒரு சாப்பாட்டில் போகும். அந்த விலைக்கு லயத்துப் பிள்ளையின் கல்யாணம் உங்கள் மண்டபத்தில் நடக்காது, நடக்கவும் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே தோட்டத்து வீடுகளுக்கென்று வேறொரு விலை வையுங்கள். மண்டப வாடகை வேண்டாம். சாமான்களை அவர்கள் கொண்டுவரட்டும், குசினியும் விறகும் பாத்திரமும் உங்களுடையது, உங்கள் சமையல்காரர் ஒருவர் மேற்பார்வைக்கு நிற்கட்டும். வாரநாளில் மண்டபம் சும்மா கிடக்கும்போது கொடுப்பதால் உங்களுக்குப் பெரிய நட்டமில்லை. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் முன்வாசலால் வர வேண்டும். என் தகப்பனார் தன் வேலைக்காலம் முழுவதும் அந்த வாசலைத் துடைத்தார், அதன் வழியாக ஒருநாளும் உள்ளே போனதில்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

தொழில் கணக்கிலும் இது சரியே. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், கொரோனாக் காலத்திலும், 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதும் வெளிநாட்டுக்காரர் வரவில்லை. அப்போதெல்லாம் என் குசினி அடுப்பை எரியவைத்தவை உள்ளூர்க் கல்யாணங்களும் பூப்புனித நீராட்டு விழாக்களும் பிறந்தநாள் சாப்பாடுகளும்தான்.

14. மிச்சச் சாப்பாட்டை லயத்துக்கு அனுப்பாதீர்கள். பெரிய கல்யாணம் முடிந்ததும் எச்சில் படாத சோறுதானே என்று அண்டாவோடு கீழே இறக்குவது வழக்கம். மத்தியானம் சமைத்தது இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேரும், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். கொடுக்க நினைத்தால் சமைக்கும்போதே அவர்களுக்கும் சேர்த்து அரிசி போடுங்கள், பந்தி தொடங்குமுன் முதல் பானையைக் கீழே அனுப்புங்கள். மிஞ்சுவது குறைய வேண்டுமென்றால் தலைக்கணக்கை மூன்று நாள் முன்பு ஒருமுறையும், முந்தின நாள் பின்னேரம் ஒருமுறையும் கல்யாண வீட்டாரிடம் கேளுங்கள்.

15. முற்பணம். நாள் குறிக்கும்போது கால் பங்கு, ஒரு மாதத்துக்கு முன் அரைப் பங்கு, மிச்சம் கல்யாணத்துக்கு முந்தின நாள். மண்சரிவு எச்சரிக்கை வந்தாலோ வீதி மூடப்பட்டாலோ நாளை மாற்றித் தர வேண்டும், காசு பிடிக்கக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சிவப்பு எச்சரிக்கை விழுந்த நாளில் நீங்களே தொலைபேசி எடுத்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள், கல்யாண வீட்டார் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவில் மண்டபம் சும்மா இருக்கும். லயத்துக் குடும்பங்கள் பாய் தலையணையோடு வந்து தங்க அதைத் திறந்துவிட்டு, குசினியில் கஞ்சிக்கு உலை வையுங்கள்.